பாட்டுக்குச் சொந்தக்காரர்

தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட 1920ல் பாரதி போட்ட திட்டம் பணமில்லாமல் நின்றுபோயிற்று. அன்று அது விலை போகாத சரக்கு. உரிமைப் பிரச்னை கிராமபோனோடும் சினிமாவோடும் வந்தது. இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இடம்பெற, செட்டியார் ஆட்சேபித்தார். நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். 1949ல் ஓமந்தூரார் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. அச்சுரிமை வைத்திருந்த தம்பி விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். மனைவிக்கும் மகள்கள் இருவருக்கும் தலா 5,000. கணக்கெழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த விகிதம் உறுத்துகிறது. செட்டியார் பணம் வாங்கவில்லை; அவரை வில்லனாக்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

1955ல் எல்லாம் பொதுச் சொத்தாயிற்று. மலிவுப் பதிப்புகள் குவிந்தன. 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பாரதியை இணையத்தில் தாராளமாக ஏற்றியது. ஆனால் எது எந்தப் பத்திரிகையில் எப்போது வந்தது என்று தேடிக் காலவரிசைப்படுத்த, சீனி. விசுவநாதன் என்ற தனிமனிதர் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. இங்கே திருக்கோகர்ணத்தில் முதல் பதிப்புகளைக் காத்துவரும் ஞானாலயாவும் தனிமனித முயற்சிதான். வாட்ஸாப்பில் சுற்றும் பாரதி வரிகளில் பதிப்பின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. சில பாரதியுடையவையே அல்ல.