தாலிக்கு முன் மூன்று வருடம்

கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது 1888-ல். ஸ்டேன்ஸ் மில் என்று ஊர் அதை அழைத்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின; பெண்களும் உள்ளே போனார்கள். அதே பத்தாண்டில்தான் சென்னை மாகாண மகப்பேறு உதவிச் சட்டமும் (1934) வந்தது. பிள்ளைப்பேற்றுக்குக் காசு தரவேண்டும் என்றானபோது, பிள்ளை பெறக்கூடியவளையே வேலைக்கு எடுக்காமலிருப்பது முதலாளிகளுக்கு மலிவான வழியாகப் பட்டது. பெண்களுக்கான இரவு வேலைத் தடையும் சேர்ந்துகொள்ள, ஆலைக்குள் பெண்கள் அருகிப் போனார்கள்.

1990-களின் பிற்பகுதியில் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், மணமாகாதவளாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. பெயர் சுமங்கலித் திட்டம். (தாலி இல்லாதவளைத் தேடிப் பிடிக்கும் திட்டத்துக்கு இந்தப் பெயரை வைத்தவரின் துணிச்சலை என்னவென்பது!) தென் மாவட்டங்களிலிருந்து தரகர்கள் அழைத்துவந்த பெண்கள் பலர் பதினெட்டு வயதைத் தொடாதவர்கள், பெரும்பகுதி தலித் வீட்டுப் பிள்ளைகள். ஆலை விடுதியில் மூன்று வருடம். முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ கல்யாணச் செலவுக்கு. அது அவர்கள் கூலியிலிருந்தே பிடித்துவைத்த பணம். இடையில் நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பியவளுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் இரவு வேலைத் தடையை நீக்கியது. சமத்துவத்துக்காக வந்த அந்தத் தீர்ப்பின் பலனை விடுதி வைத்திருந்த ஆலைகளும் அறுவடை செய்துகொண்டன.

மாதவிலக்கு நாளில் வலிக்கிறது என்றால் மேற்பார்வையாளர் ஒரு மாத்திரை தருவார். உறையில் பெயர் இருக்காது. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசியபோது அத்தனை பேரும் இதையே சொன்னார்கள். ஓய்வு கொடுத்தால் இயந்திரம் நிற்கும். மாத்திரைக்கு அந்தச் சிக்கல் இல்லை. பஞ்சுத் தூசி, இரவு முறை, விடுதிச் சாப்பாடு, இரத்தசோகை எல்லாவற்றையும் உடம்பில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவளுக்கு உடனே கல்யாணம். முதல் பிரசவத்துக்கு அந்த உடம்புதான் போகிறது. பதின்வயதுப் பிரசவத்தில் இரத்தசோகையும் இரத்த அழுத்த வலிப்பும் எடை குறைந்த குழந்தையும் கூடுதல் ஆபத்து. அந்தச் செலவு ஆலைக் கணக்கில் ஏறுவதில்லை.

இன்று திருப்பூரிலும் கோவையிலும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். சிலர் கணவனோடு வந்து லைன் வீட்டில் கர்ப்பமாகிறார்கள். மொழியும் தெரியாது. 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பத்தொன்பது வயது நிறைந்தவளுக்குத்தான். பதினெட்டுக்குக் கீழென்றால் போக்சோ சட்டப்படி மருத்துவமனை போலீசுக்குச் சொல்லியாகவேண்டும். ஆக, பதினேழு வயதுக்காரி ஒன்று வயதைக் கூட்டிச் சொல்லவேண்டும், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தின் பக்கமே வராமலிருக்கவேண்டும். கூட்டிச் சொன்னால் எதிரே இருக்கும் செவிலியருக்கு அவளுடைய ஆபத்து தெரியாமல் போகிறது. பிள்ளைகளைக் காக்க எழுதிய சட்டம், மிக அதிகமாகக் காக்கப்படவேண்டியவளை வாசலிலேயே நிறுத்துகிறது என்பது என் எண்ணம். சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

2022-ல் உச்ச நீதிமன்றம் சிறு வழி திறந்தது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரைப் போலீசுக்குச் சொல்லவேண்டியதில்லை. பெற்றுக்கொள்ளப்போகிறவளைப் பற்றி அதில் பேச்சில்லை.