மிதிவண்டியும் அதன் காவலும்

லேக் கார்டன்ஸ் சந்துகளில் பொழுது புலருமுன் நம் செவியில் விழுவது சைக்கிள் மணியோசையாகும். செய்தித்தாள் கொணர்பவர், பால்காரர், காய்கறி விற்பவர் என நம் வாயிலுக்கு வருவோர் பலருக்கும் அவ்வண்டியே கைம்முதல். நம் பிள்ளைகளின் வண்டிகளோ மாடிப்படியின் அடியில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று களவு போயின் பிள்ளைக்கு வருத்தம். செய்தித்தாள்காரருடையது போயினோ அவர் வீட்டில் அடுப்பெரிவதே ஐயம். ஆதலின் மிதிவண்டியைக் காக்க மாந்தர் கண்ட வழிகளின் வரலாற்றை இம்மலரில் சிறிது ஆராய்வோம்.

1885-ல் ஸ்டார்லி என்பார் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இரு சக்கரமும் ஒத்த அளவினதான ரோவர் வண்டியைச் சமைத்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை அளித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குந்தலீன் கூந்தல் எண்ணெயால் புகழ்பெற்ற ஹேமேந்திர மோகன் போஸ், கல்கத்தாவின் ஹாரிசன் ரோட்டில் மிதிவண்டி வாணிகம் நடத்தினார். ஜகதீச சந்திர போஸுக்கும் பிரபுல்ல சந்திர ராய்க்கும் வண்டியோட்டக் கற்பித்தவர் அவரே. பின்னர் ஆசன்சோலில் சென் ராலே தொழிற்சாலையும், 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும் தோன்றின. செல்வர் வீட்டு விந்தையாயிருந்த ஊர்தி இவற்றால் உழைப்பாளியின் உடைமையாயிற்று. உடைமை பெருகிய இடத்தில் கள்வரும் பெருகுதல் இயல்பன்றோ!

பூட்டுக் கலையில் தமிழகம் பின்தங்கியதன்று. திண்டுக்கல் பூட்டும், அதன் மாங்காய் வடிவ வகையும் நாடறிந்தவை. 2019-ல் அப்பூட்டு புவிசார் குறியீடு பெற்றது. உள்ளேயுள்ள நெம்புகோல்கள் ஒவ்வொன்றையும் திறவுகோல் தக்க உயரத்திற்குச் சரியாக உயர்த்தினாலன்றி நெம்புகோல் பூட்டு திறவாது. எனினும் எப்பூட்டும் வெல்லப்படாததன்று. லண்டனில் பிரமா என்பாரின் கடைச் சாளரத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறைகூவலாக வைக்கப்பட்டிருந்த பூட்டை, 1851-ல் அமெரிக்கரான ஹாப்ஸ் பல நாள் முயன்று திறந்துவிட்டார்.

மிதிவண்டிப் பூட்டின் கதையும் அத்தகையதே. நம் நாட்டு வண்டிகளின் பின்சக்கரத்தில் அமைந்த வளையப் பூட்டு சக்கரத்தைச் சுழலவொட்டாது தடுக்கும். ஆயினும் வண்டியையே தூக்கிச் செல்வானைத் தடுக்காது. 1971-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி காப்லன் லாடம்போல் வளைந்த எஃகுப் பூட்டைச் செய்தார். அதனால் வண்டியைக் கம்பத்தோடு பிணைக்கலாயிற்று. ஆனால் 2004-ல், அவ்வகைப் பூட்டுகள் சிலவற்றைச் சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் குழாயாலேயே திறக்கலாம் என்பது வெளிப்பட, நிறுவனம் அவற்றை மாற்றித்தர நேர்ந்தது. இன்றோ மின்கலத்தால் இயங்கும் அரவை எந்திரம் தடித்த எஃகையும் சில நிமிடங்களில் அறுக்கின்றது. ஆகவே பூட்டு தருவது காலத்தாழ்வு ஒன்றே. அத்தாழ்வினுள் யாரேனும் காண்பர் என்னும் அச்சமே கள்வனை விலக்குகின்றது.

வண்டி போய்விட்டால் மீட்பது எங்ஙனம்? இவ்விடத்து ஒரு திரைப்படம் நினைவுக்கு வருகின்றது. 1948-ல் இத்தாலியில் டி சிக்கா எடுத்த 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தை 1950-ல் லண்டனில் கண்டு ஊக்கம் பெற்றவர் சத்யஜித் ராய். முன்னே கூறிய போஸ், ராயின் பாட்டனாருடைய தங்கையை மணந்தவர். ராயும் நமக்கு அண்மையிலுள்ள லேக் டெம்பிள் ரோட்டில் பல்லாண்டு வாழ்ந்தவர். அப்படத்தில் வண்டியை இழந்த ஏழைத் தொழிலாளி சந்தையில் ஒரு சட்டத்தைக் கண்டு ஐயுறுகின்றான். சட்டத்தில் பொறித்த எண்ணை ஒப்பிடுகின்றனர். அது வேறாக இருக்கின்றது. பிறகு கள்வன் எனத் தான் கருதியவனையே பிடித்தும், சான்றின்மையால் வெறுங்கையோடு திரும்புகின்றான். உடையவன் யார் என்பதற்குச் சான்று வேண்டும் என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது.

இதை உணர்ந்தே ஜப்பான் 1994 முதல் மிதிவண்டிப் பதிவைக் கட்டாயமாக்கியது. நம் தமிழகத்து நகராட்சிகளும் முன்னாளில் வரி பெற்று எண்ணிட்ட உலோக வில்லை வழங்கின. முதியோர் பலர் அதனை நினைவுகூர்வர்.

இக்காலத்தில் சுவடுகாட்டும் கருவிகள் வந்துள்ளன. ஒரு வகை, விண்கோள்களின் குறிப்பால் தன் இடமறிந்து, சிம் அட்டை வழியே நம் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். அதற்கு அடிக்கடி மின்னேற்ற வேண்டும். 2021-ல் வந்த ஏர்டேக் போன்ற சிறு வில்லைகள் அருகில் செல்வோர் கைப்பேசிகளின் துணையால் தம் இருப்பைத் தெரிவிக்கும். ஆளரவமற்ற இடத்தில் அவை ஊமையே. அன்றியும், கள்வன் கண்டால் எதனையும் கழற்றி எறிவான். எறியாதபோதும் அக்கருவி இடத்தைக் காட்டுமேயன்றி உரிமையை நாட்டாது.

எனவே அன்பர்கள் செய்யத்தக்கன எளியவை. சக்கரத்தோடு சட்டத்தையும் அசையாத கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுக. மிதிகட்டையின் அச்சு சேருமிடத்தின் அடியிலோ இருக்கைக் குழாயிலோ உள்ள எண்ணைக் குறித்து, விலைச்சீட்டோடும் நிழற்படத்தோடும் பேணுக. இயலுமாயின் சுவடுகாட்டியை மறைவாகப் பொருத்துக. அது காட்டும் இடத்திற்குத் தனியே விரையாது, காவல் நிலையத்தாரோடு செல்க. நம் சங்கம் இத்தகைய எண்களுக்கு ஒரு பதிவேடு வைக்குமாயின் நன்று. அதில் நம் பிள்ளைகளின் வண்டிகளோடு, விடியலில் மணியடித்து வரும் அச்செய்தித்தாள்காரரின் வண்டி எண்ணும் இடம்பெறுக. பூட்டு தளர்ந்தபோதும் அயலாரின் அன்புக்கண் காவல் நிற்கும்.