தேய்ந்த டயரும் தஞ்சை விமானத்தளமும்

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் சென்ற நண்பர்கள் விமானப்படைத் தளத்தின் மதிற்சுவரைப் பார்த்திருப்பீர்கள். 2013-இல் முறைப்படித் தொடங்கப்பட்ட தளம். 2020-இல் சுகோய் போர் விமான அணி வந்து சேர்ந்தது. ஆனால் தஞ்சை விமானத்தளத்தின் வரலாறு இரண்டாம் உலகப்போரில் தொடங்குகிறது. ரப்பரை விட்டுவிட்டு அதைச் சொல்ல இயலாது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் டெல்டா விவசாயக் கூலிகள் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ, அந்த ரப்பர் ஜப்பானியர் வசமாயிற்று. ஜூன் மாதம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், பழைய டயர்களைக் கொண்டுவந்து தருமாறு மக்களை வேண்டினார். விலை, ராத்தலுக்கு ஒரு சென்ட்! மலாயாவின் எண்டாவ் கடற்கரையில் பழைய இரட்டைச்சிறகு விமானங்களோடு போரிட்டுச் சிதைந்த பிரிட்டிஷ் 36-ஆம் அணி, அக்டோபரில் தஞ்சையில்தான் வெல்லிங்டன் விமானங்களோடு மீண்டும் உருப்பெற்றது. வங்கக்கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவது அதன் பணி. அந்த அணியின் வரலாறு தேதி வாரியாக இருக்கிறது. சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட தோட்டத் தமிழருக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

பழைய டயரின் மதிப்பைப் போர் உணர்த்தியது. அதைத் தாரில் கலக்கும் வழியை 1960களில் கண்டவர், அரிசோனாவின் பீனிக்ஸ் நகரப் பொறியாளர் சார்லஸ் மெக்டொனால்ட். கொதிக்கும் தாரிலுள்ள மெல்லிய எண்ணெய்களை உறிஞ்சி, ஊறிய அரிசிபோல் டயர்த்தூள் உப்புகிறது. கலவை கெட்டிப்பட்டு, இழுத்தால் நீளும் இயல்பு பெறுகிறது. வெடித்த தளத்தின்மேல் இதைத் தெளித்துச் சல்லி பரப்பினால், அடியிலுள்ள வெடிப்பு மேலே தலைகாட்ட நாளாகும். டயரிலுள்ள கரித்தூள், வெயிலில் தார் வறண்டு முறுகுவதையும் தாமதப்படுத்துகிறது. லாரி டயரில் இயற்கை ரப்பர் மிகுதி என்பதால் அதன் தூளுக்குத் தனி மதிப்பு. பால்மரத்தின் குணம் அங்கும் விடவில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியில் டயர்த்தூள் கலந்த தாரும் இடம்பெற்றது.

ஆயினும் ஓடுபாதை, நம் கும்பகோணம் சாலையன்று. பெயர்ந்த ஒரு சல்லியை ஜெட் இயந்திரம் உறிஞ்சினால் அதன் தகடுகள் சிதையும். எனவே விமானத்தளத்தில் இந்த மேற்பூச்சை இடும்போது சல்லி அழுந்தப் பதியவேண்டும். உதிரியைப் பெருக்கி அகற்றவேண்டும்.

இன்னொரு வேடிக்கை. விமானம் தரை தொடும் இடத்தில் சக்கரம் தேய்ந்து ரப்பர் படியும். மழையில் அது வழுக்கும். தாருக்குள் இருந்து தளத்தைக் காக்கும் அதே ரப்பரை, மேலே படிந்தால், உயரழுத்த நீரைப் பீய்ச்சிச் சுரண்டி எடுக்கிறார்கள்.