பல படங்கள், ஒரு காட்சி

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றித் தமிழ்க் கல்வெட்டுகள் நெடுக ஓடுவதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். 1858-ஆம் ஆண்டில் அவற்றைப் படமெடுக்க முனைந்தவர், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர். ஒரே படத்தில் அவை அடங்கா. எட்ட நின்று எடுத்தாலோ எழுத்துப் புலப்படாது. ஆகவே அவர் பகுதி பகுதியாக எடுத்தார். 21 படங்களை வரிசையாக ஒட்டியபோது ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படம் உருவாயிற்று.

அதே ஆண்டில் பெலீச்சே பியாட்டோ என்பவர் டில்லி ஜும்மா மசூதியின் உச்சியிலிருந்து நகரத்தைச் சுற்றுமுற்றும் படமெடுத்து இணைத்தார். இவ்விரண்டும் வேறு வேறு முறைகள். நகரக் காட்சிக்குக் காமிரா ஓரிடத்தில் நின்று திரும்ப வேண்டும். இடம் பெயர்ந்தால் அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள கோபுரமும் பொருந்தாமல் விலகி நிற்கும். நெடுஞ்சுவருக்கோ, காமிராவே சுவரை ஒட்டி நகர்ந்து செல்ல வேண்டும்.

அந்நாளில் படங்களைப் பொருத்தியவை கண்ணும் கத்தியும் பசையுமே. இன்று அவ்வேலையைக் கணிப்பொறியின் மென்பொருள் செய்கிறது. அடுத்தடுத்த படங்களில் ஒரு பகுதி பொதுவாக இருக்குமாறு எடுத்துத் தந்தால் போதும். இரண்டிலும் காணும் ஒரே மூலை, ஒரே புள்ளி என நூற்றுக்கணக்கான அடையாளங்களைத் தேடிப் பிடித்து, பொய்ப் பொருத்தங்களைத் தள்ளி, படத்தை வளைத்துப் பொருத்துகிறது. கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ பிரவுன், டேவிட் லோ ஆகிய இருவரும் 2003-இல், கலைந்து கிடக்கும் படங்களிலிருந்து எது எதனோடு சேரும் என்பதைக்கூடத் தானே கண்டறியும் முறையை வெளியிட்டனர். ஒளி வேறுபாட்டை மறைக்கும் வழியை பர்ட், ஏடெல்சன் என்போர் 1983-இலேயே வகுத்திருந்தனர். பரந்த நிழலை அகலமாகவும், நுண்ணிய கோட்டைக் குறுகலாகவும் கலப்பது அவ்வழி. ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது.

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். தஞ்சைக் கல்வெட்டுகள் இராசராசன் காலத்துக் கொடைகளைக் கூறுவன. பொன்னின் எடையும் ஊர்களின் பெயரும் அவற்றில் உண்டு. பொருத்தம் விரலளவு பிசகினால் ஓர் எழுத்து மறையும், அல்லது இருமுறை வரும். கொடையின் கணக்கே மாறிவிடும். பசையால் ஒட்டியது பிசகினால் ஒட்டின் கோடே நம்மை எச்சரிக்கும். ஒட்டுத் தெரியாத படமோ தன் பிழையையும் சேர்த்து மறைத்துவிடும்.

நல்ல மொழிபெயர்ப்புக் கைக்கு வந்தது என்று மூலத்தை எரித்துவிடுவார் உண்டோ? இணைத்த காட்சியைக் கண்டு மகிழ்வோம். அதை ஆக்கித் தந்த தனிப் படங்களையும் பேணி வைப்போம். ஐயம் எழும் நாளில் சாட்சி சொல்ல வரக்கூடியவை அவையே.