கரோஷி

கரோஷி என்பது அளவுமீறிய வேலையால் நேரும் இறப்பைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் ஆகும். தொடக்கத்தில் பக்கவாதம், மாரடைப்பு ஆகியவற்றால் நேர்ந்த இறப்புகளுக்கே இச்சொல் வழங்கியது. வேலைச்சுமையால் மனநலம் குன்றி நிகழும் தற்கொலை கரோஜிசாட்சு எனப்படுகிறது.

வரலாறு

1969 இல் செய்தித்தாள் நிறுவனமொன்றின் அனுப்புகைப் பிரிவில் பணியாற்றிய 29 வயது ஊழியர் பக்கவாதத்தால் இறந்தது முதல் நிகழ்வாகக் குறிப்பிடப்படுகிறது. 1982 இல் மூன்று மருத்துவர்கள் எழுதிய நூல் இச்சொல்லைப் பரவலாக்கியது.

1947 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணிநேர வேலையையே அனுமதித்தது. ஆனால் அதன் 36 ஆம் பிரிவின்படி ஊழியர் தரப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டால் மிகைநேரம் வேலை வாங்கலாம். சிறப்பு விதி சேர்த்த ஒப்பந்தங்களுக்கு நடைமுறையில் உச்சவரம்பே இருக்கவில்லை. சிக்கலின் வேர் இதுவே எனலாம்.

டென்ட்சு வழக்கு

விளம்பர நிறுவனமான டென்ட்சுவில் 1990 இல் சேர்ந்த 24 வயது ஊழியர், நீண்ட மிகைநேர வேலையால் மனச்சோர்வுக்கு உள்ளாகி 1991 இல் தற்கொலை செய்துகொண்டார். பெற்றோர் வழக்குத் தொடர்ந்தனர். பொறுப்புணர்வும் எதையும் பிழையின்றி முடிக்க விழையும் இயல்பும் நோய்க்கு ஒரு காரணம் எனக் கூறி உயர் நீதிமன்றம் இழப்பீட்டைக் குறைத்தது. 2000 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஊழியர்களிடையே இயல்பாகக் காணப்படும் குணவேறுபாடுகளைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்க இயலாது என்றும், களைப்பும் உளச்சுமையும் மிகாமல் காப்பது முதலாளியின் கடமை என்றும் தீர்ப்பளித்தது. நன்றாக வேலை செய்ததே ஒருவரின் குற்றமாகக் கொள்ளப்படுவதை இது தடுத்தது. பின்னர் ஏறத்தாழ 16.8 கோடி யென்னுக்கு உடன்பாடு ஏற்பட்டது.

2015 டிசம்பரில் அதே நிறுவனத்தில் மற்றோர் இளம் ஊழியர் தற்கொலை செய்துகொண்டார். சட்டவிரோத மிகைநேர வேலைக்காக 2017 இல் நிறுவனத்துக்கு 5 லட்சம் யென் அபராதம் விதிக்கப்பட்டது.

சட்ட நடவடிக்கைகள்

கரோஷி தடுப்புச் சட்டம் 2014 இல் இயற்றப்பட்டது. 2015 டிசம்பர் முதல், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் ஆண்டுதோறும் மன அழுத்தச் சோதனை நடத்துவது கட்டாயமானது. ஊழியரின் இசைவின்றி முடிவுகளை முதலாளிக்குத் தெரிவிக்கக் கூடாது. இவ்விதி இல்லையெனில் எவரும் வினாக்களுக்கு உண்மையாக விடையளிக்க மாட்டார்கள்.

மூளை, இதய நோய்களைப் பொறுத்தவரை, நோய்க்கு முந்தைய மாதத்தில் சுமார் 100 மணிநேரம் அல்லது 2 முதல் 6 மாதங்களில் மாதச் சராசரியாக 80 மணிநேரத்துக்கு மேல் மிகைநேர வேலை இருந்தால் பணியுடன் வலுவான தொடர்பு உள்ளதாகக் கொள்ளப்படுகிறது. 2018 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மிகைநேரத்தை ஆண்டுக்கு 720 மணிநேரத்துக்குள் வரம்பிட்டது. 2019 இல் பெருநிறுவனங்களுக்கும் 2020 இல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்களுக்கு 2024 இலேயே வரம்பு வந்தது. தனி அனுமதி பெற்ற மருத்துவமனைகளில் அது ஆண்டுக்கு 1,860 மணிநேரம், அதாவது மாதத்துக்கு 155 மணிநேரம் ஆகும்.