கெடாவின் மூங்கில் மரபும் தோட்டத் தமிழரும்

புக்கிட் செலம்பாவ், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் தமிழர் கையாண்ட மூங்கிலின் வரலாற்றை மலாய் மரபோடு மட்டும் பொருத்திப் பார்ப்பது போதாது. 1821இல் சயாமியப் படையெடுப்புக்கு உள்ளாகி, 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரிட்டிஷாரிடம் கைமாறும் வரை பாங்காக்கின் மேலாண்மையின்கீழ் இருந்த கெடாவில், மலாய், சயாமிய வாழ்க்கை முறைகள் நெடுங்காலமாகவே கலந்திருந்தன.

இக்கலப்பு மூங்கில் குழாயில் சோறு சமைக்கும் முறையில் தெளிவாகப் புலப்படுகிறது. தாய்லாந்தின் 'காவ் லாம்', மலாய் மக்கள் நோன்புப் பெருநாளுக்குச் செய்யும் 'லெமாங்' ஆகிய இரண்டிலும், புளுட் எனப்படும் ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலுடன் பச்சை மூங்கிலில் நிரப்பித் தணலருகே நிறுத்துகின்றனர். குழாய்ச் சுவரிலுள்ள ஈரம் அது எரிந்துபோகாமல் காக்க, அரிசி உள்ளே வெந்துவிடுகிறது. லெமாங்கில் சோறு ஒட்டாதிருக்கக் குழாயினுள் வாழையிலையைச் சுருட்டி வைப்பர். காவ் லாமிலோ மூங்கிலின் உட்சவ்வே சோற்றைப் பற்றிக்கொண்டு, குழாயைப் பிளந்ததும் மெல்லிய உறையாக உடன் வருவதால், அத்தகைய சவ்வுடைய மூங்கில் இனத்தையே தேர்ந்தெடுக்கின்றனர். அந்தந்த நிலத்து மூங்கிலின் இயல்பறிந்து வளர்ந்த நுட்பங்களாகவே இவற்றைக் கொள்வது பொருந்தும். சோறு வைக்கும் 'கிரத்திப்' கூடையும், வடகிழக்குத் தாய்லாந்தின் 'கேன்' என்னும் குழலிசைக் கருவியும் அதே பட்டறிவின் பிற கிளைகளாகும்.

இந்நிலத்துக்கு ரப்பர் மரம் சீவ வந்த தமிழரும் மூங்கிலுக்குப் புதியவர் அல்லர். மூங்கில் குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாம் குறிப்பிடுகிறது; முறமும் கூடையும் பந்தற்காலும் பாடையும் அவர்களோடு கடல் கடந்தன. தோட்டத் தொழில் இம்மரபோடு வேறு பயன்களையும் சேர்த்தது. பால் வாளிகளைத் தோளில் சுமப்பதற்கான காண்டாக் கம்பு மரத்தாலும் மூங்கிலாலும் அமைந்தது. பின்னர்ச் செம்பனை பரவியபோது, உயர்ந்த மரத்தின் குலையை அறுக்கும் அரிவாளை நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கட்டினர். வளையும், ஆனால் எளிதில் முறியாத கழியைத் தேர்ந்து, பச்சை வாடும் வரை உலர்த்திப் பக்குவப்படுத்துவது தனித்திறனாகவே இருந்தது. அலுமினியக் கழிகள் வந்தபின் அத்திறனுக்கு வேலையில்லாமற் போயிற்று.

இவ்வரலாற்றின் கொடிய பகுதி 1942, 1943ஆம் ஆண்டுகளுக்குரியது. ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டுசென்றனர். காஞ்சனபுரிக் காடுகளில் அவர்களுடைய கொட்டகைச் சட்டமும், படுக்கும் பரணும் மூங்கிலாலேயே அமைந்தன. காட்டு மூங்கிலின் முள் கீறிய காயங்கள் ஆறாத புண்களாகிப் பலரின் காலையும் உயிரையும் பறித்தன. தாய்லாந்து மக்களின் அன்றாட வாழ்வுக்குத் துணைநின்ற அதே மூங்கிலை இத்தொழிலாளர் சிறைமுகாமின் பொருளாகவே அறிந்தனர் என்பது இந்த ஆய்வில் ஒதுக்கமுடியாத உண்மையாகும். பாதை இணைந்த அதே 1943 அக்டோபரில் கெடாவும் தாய்லாந்தின் ஆட்சிக்கு மாற்றப்பட்டு, 1945 வரை அவ்வாறே இருந்தது.

ரயில் பாதைத் துயரம் இன்று ஓரளவு எழுத்தில் பதிவாகியுள்ளது. தோட்டத்தின் மூங்கில் வேலையோ அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. கழி பதப்படுத்தவும் கூடை முடையவும் தெரிந்த முதியவர்கள் வாழும்போதே, அவர்களின் செய்முறைகளைக் கெடாவின் தமிழ்ப்பள்ளிகளும் வரலாற்று ஆர்வலர்களும் பதிவுசெய்ய முன்வர வேண்டும்.