தள்ளுதல், இழுத்தல், தூக்குதல்

ஜலகண்டாபுரம் வட்டார நெசவு வீடுகளில் குழித்தறி என்பது ஒற்றை ஆளின் வேலையாக இருந்ததில்லை. பாவு ஓட்ட நாலு கை வேண்டும். இழை பிணைக்க ஒருவர், ராட்டையில் தார் சுற்ற இன்னொருவர். மிதியை அழுத்த இரண்டு காலும் வேண்டும், தார் சுற்றக் கை ஓடினால் போதும். எனவே கால் சூம்பிய பிள்ளைக்கும் அந்த வீட்டில் ஒரு வேலை ஒதுக்க முடிந்தது. அதைக் கருணை என்று கொண்டாட வேண்டாம்; கூலி தறிக்காரர் கையில்தான் விழுந்தது, ராட்டையில் இருந்தவருக்குச் சோறு மட்டுமே மிச்சம். ஆனாலும் அந்த ஏற்பாடு முதலில் ஆளைப் பார்த்தது, பிறகு வேலையைப் பிரித்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டம் வாங்கத் தொடங்கிய காலத்தில் அரசு எடுத்த வழி நேர்மாறானது. அது பணியிடத்தை முதலில் எழுதி, அதற்கு வேண்டிய உடம்பையும் எழுதி வைத்துவிட்டு, ஆளைக் கூப்பிட்டது. மாற்றுத்திறனாளிப் பட்டதாரிகள் கல்லூரிக்கும் வேலைக்கும் நடுவில் தேங்கியதற்கு, அவர்களது படிப்பின் குறையைவிட இந்த எழுத்துமுறையே பெரிய காரணம் என்பேன்.

மத்திய அரசு 1977இல் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீட்டைக் கொண்டுவந்தபோது அது கீழ்நிலைப் பணிகளான சி, டி பிரிவுகளோடு நின்றது. பட்டம் இருந்தாலும் ஒதுக்கீடு எழுத்தர் நாற்காலி வரைதான். பார்வையற்றவர்கள் குடிமைப் பணித் தேர்வைப் பிரெயிலிலோ, சொல்வதை எழுதித் தருபவர் துணையோடோ எழுதலாம் என்பதற்கே 1993இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் கல்லூரிக் கதவும் வேலைக் கதவும் ஒன்றாகத் திறந்தது போலத் தோன்றியது. அரசுக் கல்லூரிகளில் 3 சதவீத இடம், அரசு வேலையில் 3 சதவீத இடம். வித்தியாசம் கணக்கில் இருந்தது. கல்லூரியில் மொத்த இடங்களை வைத்து எண்ணினார்கள். வேலையிலோ, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று கண்டறியப்பட்ட பணியிடங்கள் என்றொரு பட்டியல் குறுக்கே வந்தது. 2005இல் வந்த மத்திய அரசின் குறிப்பாணை இதை இன்னும் வெளிப்படையாக்கியது: சி, டி பிரிவுகளுக்கு மொத்தக் காலியிடங்களில் கணக்கு, ஏ, பி பிரிவுகளுக்கு மட்டும் பட்டியலில் உள்ளவற்றில் கணக்கு. படிப்பு உயர உயர ஒதுக்கீடு சுருங்கியது.

அந்தப் பட்டியலைப் புரட்டினால் ஒவ்வொரு பணிக்கு நேரேயும் ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் நிற்கும்: உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், தூக்குதல், தள்ளுதல்-இழுத்தல், பார்த்தல். வருமான வரி அதிகாரி எதைத் தள்ளுகிறார், எதை இழுக்கிறார் என்று கேட்டால் கோப்பைத் தவிர வேறு பதில் கிடைக்காது. மாற்றுத்திறனாளியான இரா சிங்கல் 2010இல் குடிமைப் பணித் தேர்வில் தேறியும், தள்ள, இழுக்க, தூக்க முடியாதவர் என்ற காரணத்தால் அவருக்கு வருவாய்ப் பணி மறுக்கப்பட்டது. தீர்ப்பாயத்தில் வழக்காடிப் பணி பெற்றார், 2014ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடமும் பிடித்தார். பார்வையற்ற ரவி பிரகாஷ் குப்தாவின் வழக்கில், பணியிடங்களைக் கண்டறியும் வரை ஒதுக்கீடு பொருந்தாது என்று அரசு வாதாடியது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மொத்தக் காலியிடங்களை வைத்தே எல்லாப் பிரிவுகளுக்கும் கணக்கிட வேண்டும் என்ற அந்நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்த நாள் 2013 அக்டோபர் 8. சட்டம் நடைமுறைக்கு வந்த 1996இல் பதினெட்டு வயதில் கல்லூரி சேர்ந்தவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

சில வேலைக்குக் கண் வேண்டாமா, கால் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. பேருந்து ஓட்டக் கண் வேண்டும். ஆனால் 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வேலையின் தன்மையைக் காட்டி விலக்குப் பெற வழி இருந்தது. தகாது என்று நிரூபிக்கும் சுமை வேலை கொடுப்பவரிடம் இருப்பதும், தகும் என்று எழுதப்படும்வரை விண்ணப்பதாரர் வெளியே நிற்பதும் ஒன்றல்ல. சென்னையின் பெனோ செபைன் முழுப் பார்வையின்மையோடு 2015இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்ததற்கு முன், அந்தப் பணிக்குப் பார்வை இன்றியமையாதது என்று நம்பியவர்கள் குறைவில்லை.

அரசு வேலையே எத்தனை பேருக்குக் கிடைக்கும், தனியார் துறையைப் பேசுங்கள் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. பிரிட்டன் 1944லேயே இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளை அமர்த்தச் சட்டம் போட்டது. கறாராக அமலாக்காததால் அது பெயரளவில் நின்று, 1995இல் அந்நாட்டில் வந்த இன்னொரு சட்டத்தால் நீங்கியது. இந்தியா கட்டாயத்தைத் தொடவில்லை, ஊக்கத்தொகையை நம்பியது. 2008 முதல், மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கும் தனியார் முதலாளியின் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கை மூன்று ஆண்டுகளுக்கு அரசே ஏற்கும் என்றது. பி.எஃப். சட்டமோ பொதுவாக இருபது பேர் உள்ள இடத்தில்தான் தொடங்கும். ஜலகண்டாபுரத்தில் சில விசைத்தறிகளை வைத்து ஓட்டும் சின்னப் பட்டறையில், கணக்கு எழுதவோ டிசைன் போடவோ ஒரு பட்டதாரியை வைத்தாலும், இல்லாத பி.எஃப்.பை யார் கட்டித் தருவது? ஊக்கத்தொகை பெரிய ஆலைக்காகத் தைத்த சட்டை.

2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் 5 சதவீதம், அரசு வேலையில் 4 சதவீதம் என்று உயர்த்தியது; இரண்டும் ஒரே எண்ணாகக்கூட இல்லை. 2021 ஜனவரியில் வந்த மத்திய அரசின் புதிய பட்டியலில் 3,566 பணிகள் உள்ளன. எழுத்துச் சுருக்கங்கள் போகவில்லை. ஆனால் பட்டியலோடு வரும் குறிப்புகளில் ஒன்று கவனிக்கத்தக்கது: ஒரு பணியிடத்தில் ஏற்கெனவே மாற்றுத்திறனாளி ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தால், அந்தப் பணியிடம் தானாகவே கண்டறியப்பட்டதாகக் கொள்ளப்படும்.